முழங்கால் தண்ணீர்

ஐயா, உங்கள் அலுவலகத்து மின்விசிறி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. நடுத்தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை. நேற்று மரண விசாரணைக்கு உங்கள் முன்னால் கதிரையில் இருந்தபோது என் கவனத்தில் பாதி அதில்தான் இருந்தது. அதனால் சில கேள்விகளுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வீட்டில் இருந்து ஆறுதலாக எழுதித் தரச் சொல்லி நீங்கள் தாள் தந்து அனுப்பினீர்கள். அது நல்லதாகப் போயிற்று. எழுதும்போது எனக்கு நிதானம் வரும்.

நான் பயந்து எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டும் எழுதவில்லை. வாகனப் பரிசோதகரின் அறிக்கையில் நாலாம் பந்தியை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். முன்னர் செய்யப்பட்ட தரமற்ற திருத்த வேலையால் எஞ்சின் வெள்ளத்தின் நடுவே நின்றுபோனது, அதுவே மரணத்துக்குக் காரணம் என்று அதில் இருந்தது. செத்துப்போன சிவரூபியின் கணவர் செந்தூரன் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அந்த வரியைக் கேட்டதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தார். அந்தக் காரின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கைகள் இவைதான். இந்தக் கைகளின் வேலையைத் தரமற்றது என்று சொன்ன முதல் மனிதர் உங்கள் பரிசோதகர். அந்தப் பந்தியை நீங்கள் வெட்ட வேண்டும். அதற்காகவே எழுதுகிறேன்.

என் பெயர் கொன்ஸ்ரன்ரைன். வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது முல்லைத்தீவுக் கடற்கரையில். எங்கள் ஆட்கள் எல்லாரும் கடலும் களப்புமாகச் சீவித்தவர்கள். நான் மட்டும் வலையை விட்டு எஞ்சினைப் பிடித்தேன். போர் முடிந்து மீள்குடியேறியபோது கடற்கரையில் இருக்க மனம் வரவில்லை. வட்டக்கச்சிக்கு அங்கால் முதிரையடிச் சந்தியில் காணி எடுத்துக் கராஜ் போட்டேன். பதின்மூன்று வருடமாகிறது. கராஜில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சப்பாத்துப் பாலம், உயரம் குறைந்த பழைய பாலம். கோடையில் அதற்குக் கீழே ஆடு மேயும். மழைக்காலத்தில் ஆறு அதற்கு மேலால் ஓடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள், வயல்கள், ஒரு பள்ளிக்கூடம். போய்வர வேறு பாதை இல்லை.

சிவரூபி அந்தப் பக்கத்துக்கான குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர். ஊரில் எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். சென்ற வருடக் கார்த்திகையில் அவருடைய சின்னக் கார் அந்தப் பாலத்துத் தண்ணீரில் நின்று, என் உழவு ரக்ரரில் கட்டி இழுபட்டு, என் கராஜுக்கு வந்தது.

தண்ணீருக்குள் ஓடி நின்றுபோன காருக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. திறப்பைத் திருப்பி ஸ்ரார்ட் எடுக்கக் கூடாது. எஞ்சின் காற்றை உள்ளே இழுத்து, நசித்து, எரித்து, வெளியே தள்ளுகிறது. காற்று நசியும். தண்ணீர் நசியாது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது பிஸ்ரன் மேலே வந்தால், வளைந்து கொடுக்க அங்கே பிஸ்ரனைத் தாங்கும் தண்டைத் தவிர வேறொன்றும் இல்லை. பதற்றத்தில் திறப்பைத் திருப்பித் திருப்பி எஞ்சினைச் சாகடித்த சாரதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிவரூபி அப்படி இல்லை. நான் கையைக் காட்டியதும் திறப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

ஒயிலை இறக்கினேன், பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றினேன், மூன்று ஓட்டைகளாலும் தண்ணீர் பீச்சியது. இரண்டாவது தண்டு மட்டும் நூலளவு வளைந்திருந்தது. வேறொருவன் என்றால் அதைக் கண்டிருக்கவே மாட்டான். கண்டாலும் ஓடுமட்டும் ஓடட்டும் என்று விட்டிருப்பான். நான் எஞ்சினை முழுதாக இறக்கினேன். பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய், இரண்டு நாள் அலைந்து, பொருத்தமான தண்டு எடுத்து வந்தேன். ஒயிலை மூன்று தரம் மாற்றிக் கழுவினேன். கதிரைகளைக் கழற்றி வெயிலில் காயவைத்தேன். சேற்று மணம் போகவில்லை என்று புனிதம் உள்ளே கோப்பித் தூளைத் துணியில் கட்டி வைத்தாள். புனிதம் என் மனைவி. பன்னிரண்டாம் நாள் சிவரூபி வந்து ஓடிப் பார்த்துவிட்டு, “அண்ணை, வாங்கின நாளில கூட இப்பிடி ஓடேல்லை” என்றார்.

அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் இறங்கி, புனிதத்தின் பிரஷரைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அவருடைய கடமை அதில்லை. நன்றி இருந்தது, செய்தார். அந்தக் கார் ஒரு வருடம் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. செந்தூரனைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது அறிக்கைக்கு வருகிறேன். உங்கள் பரிசோதகர் எஞ்சினைத் திறந்து வளைந்த தண்டு ஒன்றைக் கண்டிருக்கிறார். திருத்தினவன் மட்டமான தண்டு போட்டான், அது வளைந்தது என்று எழுதிவிட்டார். எது வளைந்திருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. படம் மேசையில் கிடந்தது. நான் நேற்றுப் பார்த்தேன். வளைந்திருப்பது மூன்றாவது. நான் போட்டது இரண்டாவது. நான் போட்ட தண்டு இன்றைக்கும் கம்பி போல நேராக நிற்கிறது. வளைந்தது கொம்பனி போட்டு அனுப்பிய தண்டு. அதிலும் குறை சொல்ல இடமில்லை. தண்ணீர் உள்ளே போனால் எந்தத் தண்டும் வளையும்.

திருத்தத்தில் குறை இல்லையென்றால் எஞ்சின் ஏன் நின்றது என்று கேட்பீர்கள். தண்ணீர் போனதால் நின்றது. தண்ணீர் ஏன் போனது? பாலத்தில் நின்ற தண்ணீர், கார் காற்றை இழுக்கிற குழாயை விட உயரமாக இருந்தது. அவ்வளவு தண்ணீருக்குள் சிவரூபி ஏன் காரை விட்டார்? ஊரில் சிலர் அவர் அவசரப்பட்டவர், யாருடைய சொல்லும் கேளாமல் இறங்கியவர் என்று கதைக்கிறார்கள். செந்தூரனும் அதை நம்பத் தொடங்கியிருக்கிறார் போலத் தெரிந்தது. அது தவறு. அவரை விட நிதானமான சாரதியை நான் கண்டதில்லை. அவருக்கு முன்னால் ஒரு ஆள் நடந்தார். அந்த ஆளை நம்பித்தான் அவர் காரை விட்டார்.

நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் இல்லை, ஆகவே சொல்கிறேன். எங்களிடம் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது வாகனத்தை அப்படியே விடமாட்டார்கள். ஒரு ஆள் இறங்கி முன்னுக்கு நடப்பார். சாரதி அவருடைய காலைப் பார்த்துக்கொண்டு பின்னால் வருவார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே என்றால் வரலாம். முழங்காலைத் தாண்டினால் நிற்க வேண்டும். அந்த ஆள் எப்போதும் இடது ஓரத்தால்தான் நடப்பார், பாலத்தின் விளிம்பைக் காட்டுவதற்கு. சந்தியில் கராஜ் வைத்திருப்பவன், தண்ணீரோடு பிறந்தவன் என்று அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. முதல் ஐந்தாறு வருடம் அதை ஒழுங்காகவே செய்தேன்.

பாலத்தின் இரண்டு கரையிலும், வாகனம் சறுக்கி விழாமல், கொங்கிறீட்டில் ஓரக்கட்டு இருக்கிறது. ஒரு முழ உயரம், ஒரு பாதம் வைக்கிற அகலம். வெள்ளம் வந்தால் அது மூழ்கிவிடும். சேற்றுத் தண்ணீரில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. என் காலுக்குத் தெரியும்.

முதல் தரம் நான் வேண்டுமென்று ஏறவில்லை. ஏழு வருடத்துக்கு முந்திய பெரிய வெள்ளம். காலில் போத்தில் ஓடு வெட்டி இரத்தம் வந்தது. தண்ணீர் இழுக்காத இடம் தேடிக் கால் தானாக ஓரக்கட்டில் ஏறிவிட்டது. பின்னால் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் காரில் வந்துகொண்டிருந்தார். ரோட்டில் தொடையளவு தண்ணீர். ஓரக்கட்டில் நின்ற என் காலில் அது முழங்காலுக்குக் கீழே. அவர் என் காலைப் பார்த்தார், வந்தார், நடுப்பாலத்தில் நின்றார். நான் ரக்ரர் கொண்டு வந்து இழுத்தேன். அந்தக் குடும்பம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் நின்றது. குசினி நிறைய ஆட்கள், முற்றம் நிறையச் செருப்புகள். கராஜில் எஞ்சின் திறந்து கிடந்தது. ஆசிரியர் பக்கத்தில் குந்தியிருந்து, இது பிழைக்குமோ, இது பிழைக்குமோ என்று என்னையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படி என்னை ஆட்கள் பார்த்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். சுனாமிக்குப் பிந்திய மாதம். உப்புத் தண்ணீரில் ஊறிய நாற்பத்தொரு வள்ள எஞ்சின்களைக் கோயில் வளவுக்குள் வரிசையாக வைத்துவிட்டு, கடற்கரை முழுவதும் என்னைச் சுற்றி நின்றது. எங்கள் மகன் கொலின்ஸ் அந்த அலையில்தான் போனான், ஆறு வயது. ஒருவரும் என்னை அழச் சொல்லவில்லை. எஞ்சினைப் பார்க்கச் சொன்னார்கள். முப்பத்தாறை ஓட வைத்தேன். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை ஐயா, யாரிடமும் இரக்கம் எதிர்பார்த்து நான் வளர்ந்தவன் இல்லை. கேட்டீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். சந்தோசமாக இருந்த நாட்கள் என்று எண்ணினால் எனக்கு அந்த மாதம்தான் வருகிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அடுத்த மழைக்கு நான் தெரிந்தே ஏறினேன்.

ஏழு மழைக்காலத்தில் பத்தொன்பது வாகனங்கள். கூடுதலாக ஒன்றும் இல்லை. எனக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. மோட்டார் சைக்கிளையும் ஓட்டோவையும் நான் தொடவில்லை, அவை கவிழும். நோயாளி இருக்கிற வாகனம் என்றால் நடுரோட்டால் உண்மையாக நடந்து, உண்மையான தண்ணீரைக் காட்டினேன். ஆறு வேகமாக ஓடும் நாளில் ஒருவரையும் விடவில்லை. வாருங்கள் என்று நான் எவரையும் வாய் திறந்து கூப்பிட்டதில்லை. நான் நடந்தேன், அவர்கள் வந்தார்கள். எல்லா எஞ்சினையும் திருப்பி ஓட வைத்தேன். பத்தொன்பது குடும்பமும் நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்கிறது. உங்களுக்குத் தெரிந்த உத்தியோகத்தர்களில் எத்தனை பேருக்குப் பத்தொன்பது குடும்பம் நன்றியோடு இருக்கிறது?

சென்ற வருடம் சிவரூபியின் காரும் அந்தப் பத்தொன்பதில் ஒன்று. அதை நீங்கள் இதற்குள் விளங்கியிருப்பீர்கள்.

இந்த வருடம் கார்த்திகைக் கடைசி. பதினொரு நாளாகக் கராஜுக்குள் ஒரு வாகனமும் இல்லை. இப்போது வருகிற வாகனங்களுக்கு ஏதாவது என்றால் பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் கொம்பியூட்டரில் பூட்டிப் பார்க்கிறார்கள். அன்று மத்தியானத்தோடு மழை விட்டுவிட்டது, கொஞ்சம் வெயிலும் எறித்தது. ஆனால் ஆறு இறங்கவில்லை. ஒரு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது பாலத்து ரோட்டில் தொடையளவு. இரண்டு மணியளவில் சிவரூபி வந்து காரை நிறுத்திவிட்டு இறங்கினார். அந்தப் பக்கத்தில் நிதர்சனா என்ற பிள்ளைக்கு நிறைமாதம், பாதை முழுதாக மறிபடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வேண்டும், வேறு வாகனம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. ஏலாது எண்டா நான் திரும்பிப் போறன்” என்றார்.

“பொறுங்கோ மிஸி, நடந்து பாக்கிறன்” என்றேன்.

இதில் என் பக்கத்து நியாயத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். அவர் போகும்போது காரில் நோயாளி இல்லை. திரும்பும்போதுதான் நிதர்சனா இருப்பாள். அந்த நிலையில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு அவர் அந்தத் தண்ணீருக்குள்ளால் திரும்ப வருவதை விட, போகும்போதே நிற்பது இரண்டு பேருக்கும் நல்லது. இப்படித்தான் நான் யோசித்தேன். அந்த நேரத்திலேயே யோசித்தேனா, பிறகு யோசித்தேனா என்று புனிதம் என்னைக் கேட்டாள். அது தேவையில்லாத கேள்வி.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரக்கட்டில் ஏறினேன். தண்ணீர் முழங்காலுக்கு நாலு விரல் கீழே நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, என் காலையே பார்த்துக்கொண்டு மெதுவாக வந்தார். முதல் கியரில், காலை எடுக்காமல், ஒரே சீராக. சென்ற வருடம் நான் சொல்லிக் கொடுத்தபடியே ஓட்டினார். நடுப்பாலத்தில் எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது, தண்டு ஒன்று போய்விட்டது. கையைக் காட்டினேன். அவர் திறப்பைத் திருப்பவே இல்லை. அறிக்கையில் அதையும் எழுதுங்கள்.

அப்போதுதான் தண்ணீரில் வைக்கோலும் நுரையும் வருவதைக் கண்டேன். இல்லை, சரியாக எழுதுகிறேன். அதை நான் ஓரக்கட்டில் ஏறும்போதே கண்டேன். வைக்கோலும் நுரையும் வந்தால் மேலே குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் ஆறு இன்னும் ஒரு முழம் ஏறும்.

“அண்ணை, நான் இறங்கி நடந்து வரட்டோ?” என்று கேட்டார்.

“வேண்டாம் மிஸி, கதவைத் திறந்தா தண்ணி முழுக்க உள்ள போயிடும். உள்ளயே இருங்கோ, நான் ரக்ரர் கொண்டு வாறன்.”

அது தொழில் தெரிந்தவன் சொல்லுகிற புத்தி. கதவைத் திறந்தால் கதிரை, கீழ் விரிப்பு, வயர்கள் எல்லாம் ஊறும். காயவைக்க நாலு நாள் கூட எடுக்கும். காரைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. அவர் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடியையும் ஏற்றிவிட்டார்.

நான் ரக்ரரோடு திரும்பி வந்தபோது பாலத்தில் கார் இல்லை. கீழே, இருநூறு மீற்றர் தள்ளி, மருத மரங்களுக்குள் கார்க் கூரை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. நான் ஆற்றில் இறங்கவில்லை. இறங்கி என்ன செய்வது? இறங்கியிருந்தால் இரண்டு பேர். போனில் சொன்னேன், ஆட்கள் வந்தார்கள், பின்னேரம் எடுத்தார்கள். செந்தூரனுக்கு முன்னால் கதவைத் திறந்தபோது திறப்பு அவருடைய மடியில்தான் இருந்தது. நிதர்சனாவுக்கு அன்று இரவே பள்ளிக்கூடத்தில், அங்குள்ள பெண்களின் கையில், பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆகவே அந்தப் பக்கத்தில் என்னால் ஒரு நட்டமும் இல்லை.

புனிதம் அன்று பின்னேரம் தொடக்கம் அழுதுகொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் பாலத்தில் தொடைக்கு மேல் தண்ணீர், அதற்குள் இந்தப் பிள்ளை ஏன் விட்டது என்று கதைத்ததைக் கேட்டாள். இரவு நான் உடுப்பு மாற்றும்போது சாரத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, நீங்கள்தானே முன்னுக்கு நடந்தனீங்கள். இது நனையவே இல்லை” என்றாள்.

நான் வேறு சாரத்தைக் கட்டிக்கொண்டேன். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவள் அந்தச் சாரத்தைத் தோய்க்காமல் மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். சிவரூபியின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த நாள் தண்ணீரூற்று என்ற ஊரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். சாரம் அலுமாரியில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து எடுங்கள். நான் ஓடப்போவதில்லை.

இன்னொரு பிழையையும் திருத்த வேண்டும். அன்று வந்தவர்களிடமும், பிறகு உங்களிடமும், ரக்ரர் ஸ்ரார்ட் எடுக்கவில்லை, அதனால் பிந்திவிட்டது என்று சொன்னேன். அதை நீங்கள் எழுதியும் வைத்திருக்கிறீர்கள். ஒரு மெக்கானிக்கின் ரக்ரர் அவசரத்துக்கு ஸ்ரார்ட் எடுக்கவில்லை என்று ஒரு தாளில் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. என் ரக்ரர் ஒரு நாளும் அடம் பிடித்ததில்லை. அன்றும் முதல் திருப்பிலேயே ஸ்ரார்ட் ஆனது. நான் அதில் ஏறப் பிந்தினேன்.

அது என் வழக்கம். தண்ணீரில் நின்றவரை உடனே போய் இழுத்துவிட்டால் அவருக்கு அது ஒன்றுமில்லை. நன்றி என்று ஒரு சொல், அவ்வளவுதான். கால் மணித்தியாலம் உள்ளே இருந்து, தண்ணீர் கதவில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டு, இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைக்கத் தொடங்கும்போது ரக்ரர் சத்தம் கேட்க வேண்டும். அப்போது அவர்கள் பார்க்கிற பார்வை வேறு. பத்தொன்பது பேரையும் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தேன். புனிதம் தேத்தண்ணி தந்தாள். பாதி குடிக்கும்போது ஹோர்ன் கேட்டது. நீட்டி மூன்று தரம். பற்றறி நான் போட்டது, தண்ணீருக்குள்ளும் வேலை செய்தது. புனிதம் குசினி வாசலுக்கு வந்து, பாலத்தில் யாரும் நிற்கிறார்களா என்று கேட்டாள். ஒருத்தரும் இல்லை, பெரிய ரோட்டால் போகிற லொறி என்றேன். பிறகும் ஹோர்ன் கேட்டது. இம்முறை நிற்காமல் கேட்டது. புனிதம் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். நான் கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். அவள் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சத்தம் நின்றது. ஊற்றியதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

இவ்வளவுதான். இனி அறிக்கையைச் சரியாக எழுதுங்கள். சாரதியில் பிழை இல்லை என்று எழுதுங்கள், செந்தூரனுக்கு ஆறுதலாக இருக்கும். எஞ்சினில் பிழை இல்லை. திருத்தினவனின் வேலையில் ஒரு பிழையும் இல்லை. மரணத்துக்கான காரணம் என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது. நாலாம் பந்தியை வெட்டினால் அதில் எதைப் போடுவது என்று யோசிப்பீர்கள்.

அதில் தண்ணீர் என்று எழுதுங்கள்.